அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' ஆல்பத்தைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் வெறும் தாள வித்தை என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நான் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்தவன். முதலில் வித்தை என்று சொன்ன கட்சி.

சின்ன வயதில் ஐந்து வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டு பாதியில் விட்டேன். அரைகுறையாகக் கற்றவனுக்குத்தான் திமிர் அதிகம். கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் அந்த ஆல்பத்தின் 'டேக் ஃபைவ்' உருப்படியைப் போட்டுக் காட்டி, "ஐந்து எண்ணிக்கைடா, கவனி" என்று கண்கள் விரியச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தா? எங்கள் தெரு பஜனை கோஷ்டியே கண்ட சாபு என்கிற ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் பாடுமே, இதற்கா இவ்வளவு ஆரவாரம் என்று கேட்டேன். அப்புறம் கையால் தட்டிப் பார்த்தபோது தட்டு சரியாக விழவில்லை. கண்ட சாபுவில் இரண்டு எண்ணிக்கையான 'தக' முன்னால் வரும், மூன்றான 'தகிட' பின்னால் வரும். இதில் தலைகீழ்: தகிட தக, தகிட தக. பழகிய கை பழைய இடத்திலேயே போய் விழுந்துகொண்டிருந்தது. அவன் முன்னால் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

ஆல்பம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1959 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆவது தெரு ஸ்டூடியோவில் பதிவானது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம் அது. அதே ஆண்டு மார்ச், ஏப்ரலில் அதே கூடத்தில்தான் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் புளூ' பதிவு செய்தார். புரூபெக் பியானோ, பால் டெஸ்மண்ட் ஆல்டோ சாக்சபோன், யூஜின் ரைட் பாஸ், ஜோ மொரெல்லோ டிரம்ஸ். மொத்தம் ஏழு உருப்படிகள். எல்லாமே சொந்தச் சரக்கு, கேட்டுப் பழகிய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. அட்டையில் கலைஞர்களின் புகைப்படம் இல்லை, நீல் ஃபுஜிட்டா வரைந்த அரூப ஓவியம். ஆடவும் முடியாத இசை. இது விற்காது என்று கொலம்பியாவின் விற்பனைப் பிரிவு அடம்பிடித்தது. தலைவர் காடார்ட் லீபர்சன்தான் கூடவே நின்றார். கடைசியில் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஜாஸ் ஆல்பம் என்ற பெயர் இதற்குத்தான் கிடைத்தது. ஆனால் ஜாஸ் பத்திரிகையான 'டவுன்பீட்' ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தது. நீங்கள் கேட்கும் சண்டை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

சரி, குறை சொல்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? முதல் புகார் புரூபெக்கின் கை. கனத்த கை. இரண்டு கைகளாலும் கொத்துக் கொத்தாக ஸ்வரங்களை அழுத்துவார். கூல் ஜாஸ் என்றால் மெல்லப் பேசுவது, இவரோ சுத்தியலால் பேசுகிறார் என்று கிட்டார் வாசிக்கும் என் நண்பர் ஒருவர் இன்றும் சொல்வார். அதில் உண்மை இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தில் கூல் ஜாஸ் என்ற பெயருக்கு முழுத் தகுதி உள்ளவர் டெஸ்மண்ட் ஒருவர்தான். உலர்ந்த மார்ட்டினி போல ஒலிக்க விரும்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். நான் மார்ட்டினி குடித்ததில்லை, ஆனால் அந்த வாசிப்பைக் கேட்டால் என்ன சொல்ல வருகிறார் என்று புரிகிறது. குரல் உயர்த்தாமல், சொல்ல வேண்டியதில் பாதியை உள்ளேயே வைத்துக்கொள்கிற வாசிப்பு. பக்கத்தில் ஒருவர் கனமாகத் தட்டிக்கொண்டிருப்பதால்தான் அந்த மென்மை அவ்வளவு தெரிகிறது என்பது என் கட்சி. நண்பர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது புகார் இன்னும் கூர்மையானது. 'புளூ ரோண்டோ' என்கிற முதல் உருப்படி, இஸ்தான்புல் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் புரூபெக் கேட்ட ஒன்பது எண்ணிக்கையில் ஆரம்பிக்கிறது. தக தக தக தகிட, இது மூன்று முறை. நான்காவது முறை தகிட தகிட தகிட. அருமையான கோர்வை. ஆனால் தனி வாசிப்பு வந்ததும் தாளம் நாலுக்கு இறங்கி, வழக்கமான புளூஸ் ஆகிவிடுகிறது. "பல்லவியை ஒன்பது எண்ணிக்கையான சங்கீர்ணத்தில் பாடிவிட்டு, கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்துக்கு வழக்கமான ஆதி தாளத்துக்குத் தாவுவது போல" என்று நான் அந்த நாளில் நக்கல் அடித்திருக்கிறேன். இன்றும் அந்த விமர்சனத்தை முழுதாக வாபஸ் வாங்கவில்லை. ஆனால் மாறும் இடத்தைக் கேளுங்கள்: ஒன்பதில் இரண்டு சுற்று, நாலில் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நாலில் போய் உட்காருகிறார்கள். மூச்சு வாங்க ஓடிவந்தவன் திண்ணையில் சாய்வது போல இருக்கும். அந்த ஆசுவாசத்துக்காகவே எழுதியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

என் மனம் மாறிய இடம் 'த்ரீ டு கெட் ரெடி'. யாரும் அதிகம் பேசாத உருப்படி. மூன்றில் இரண்டு சுற்று, நாலில் இரண்டு சுற்று, தனி வாசிப்பு முழுக்க அதே கணக்கு, ஒரு இடத்திலும் இறங்குவதில்லை. இருந்தும் குழந்தை விளையாட்டுப் போல லேசாகப் போகும். கணக்கு காதில் உறுத்தாமல் இருப்பதுதான் கணக்கு தெரிந்தவனின் அடையாளம் என்று என் மிருதங்க வாத்தியார் சொல்லிக்கொண்டே இருப்பார். அது புரிய எனக்கு ஓர் அமெரிக்கப் பியானோ தேவைப்பட்டது.

நம் ஊருக்கும் இதில் ஒரு சின்ன ஒட்டு உண்டு. 1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை இந்தக் குழுவைப் போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று நீண்ட பயணம் அனுப்பியது. சென்னைக்கும் வந்தார்கள். இங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். இதை வைத்து, 'டேக் ஃபைவ்' நம்மிடமிருந்து போனது என்று வாட்ஸப்பில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஐந்தில் ஒன்று வேண்டும் என்று நச்சரித்தவர் மொரெல்லோ. இரண்டு மெட்டுகள் போட்டுக்கொண்டு வந்தவர் டெஸ்மண்ட். அவற்றைச் சேர்த்து வடிவம் கொடுத்தவர் புரூபெக். ஆனால் மொரெல்லோ பழனியைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம். அதை மட்டும் எனக்காக வைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் சமமாக நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 'எவ்ரிபடிஸ் ஜம்பின்' கேட்டு முடித்ததும் மறந்துவிடுகிறது. 'ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்' நேர் எதிர். தொடக்கத்தில் தாளக்கட்டே இல்லாமல் பியானோ மட்டும் ஆலாபனை போல அலைந்துவிட்டு வரும். சுத்தியல் என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

புதிதாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் என் யோசனை: 'டேக் ஃபைவ்'வைக் கடைசிக்கு வையுங்கள். காபிக் கடைகளிலும் விளம்பரங்களிலும் கேட்டுக் கேட்டு நம் காதில் அது தேய்ந்துபோய்விட்டது. மற்ற ஆறையும் கேட்டுவிட்டு வந்து, இரண்டாவது நிமிடத்தை ஒட்டி டெஸ்மண்ட் ஒதுங்கியதும் பியானோவைக் கவனியுங்கள். குழுத் தலைவர் புரூபெக் இந்த உருப்படியில் தனியாக எதுவும் வாசிப்பதில்லை. தகிட தக, தகிட தக என்று அதே இரண்டு ஸ்வரக் கொத்துகளை விடாமல் போட்டுக்கொண்டே இருக்கிறார், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் பாடகர் தாளம் போடுவது போல. மேலே மொரெல்லோ அவசரமே இல்லாமல் இடம் விட்டு விட்டு அடிக்கிறார். அந்த இரண்டேகால் நிமிடமும் கையில் தாளம் போட்டுப் பாருங்கள். எனக்கு இன்னும் ஓரிடத்தில் வழுக்குகிறது.