100 என்று எழுதுவதா, 39 என்று எழுதுவதா?

கேள்வி: பாறசாலையில் பஸ் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தாவது படிக்கும் மகள் பள்ளிக் கண்காட்சிக்கு டிஸ்கவரி விண்வெளி ஓடத்தின் மாதிரி செய்கிறாள். ‘100 முறை பறக்கக்கூடியது’ என்று அட்டையில் எழுதிவிட்டாள். 39 முறையோடு நிறுத்திவிட்டார்களாமே? எதை எழுத? பாதி ஆயுள்கூட ஆகாமல் ஏன் நிறுத்தினார்கள்?

பதில்: இரண்டையுமே எழுதச் சொல்லுங்கள். 100 என்பது கட்டும்போது போட்ட கணக்கு. அதோடு ‘10 ஆண்டு’ என்ற கணக்கும் இருந்தது. அதை எல்லாரும் மறந்துவிடுகிறோம். டிஸ்கவரி 1984 முதல் 2011 வரை ஓடியது. கிலோமீட்டர் குறைவு, வயது அதிகம். அப்படி ஒரு பஸ் வந்தால் நீங்கள் முதலில் அடியில் குனிந்து துருவைத்தானே பார்ப்பீர்கள்?

இறங்கிய இரண்டே வாரத்தில் மறுபடி கிளம்பும் என்று நினைத்துத்தான் 100 என்றார்கள். 1985இல் இன்னொரு ஓடமான அட்லாண்டிஸ் இறங்கிய 50 நாளில் மறுபடி கிளம்பியதுதான் கடைசிவரை சாதனை. வெப்பம் தாங்க 20,000க்கும் மேற்பட்ட ஓடுகள். நம் வீட்டு மங்களூர் ஓடு போல, உடைந்தால் பரணிலிருந்து ஒன்றை எடுத்துச் செருக முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி எண், அதனதன் இடம். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஆள் நின்று பார்த்தாக வேண்டும்.

சேலஞ்சர், கொலம்பியா என்ற மற்ற இரண்டு ஓடங்கள் அழிந்தது வயதால் அல்ல. 1986இல் சேலஞ்சருக்குக் காரணம் பக்கவாட்டு ராக்கெட்டின் ரப்பர் வளையம். 2003இல் கொலம்பியாவுக்கு, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இறக்கையில் பட்டது. ஆனால் கொலம்பியா விசாரணைக்குழு, 2010க்கு மேல் ஓட்டுவதென்றால் பாகம் பாகமாகச் சோதித்து மறுசான்று வாங்கச் சொன்னது. வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கு கேரளத்தில் உங்கள் ஊரில் சி.எஃப்., களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் எஃப்.சி., அதேதான். அந்தச் செலவுக்குப் போகாமல், விண்வெளி நிலையத்தைக் கட்டி முடித்து 2011 ஜூலையில் மொத்தமாக நிறுத்தினார்கள். அது சரியான முடிவு என்பதே என் எண்ணம்.

இப்போது ஆட்களை ஏற்றிச் செல்லும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் க்ரூ டிராகன் கலத்துக்கு முதலில் 5 பயணத்துக்குத்தான் சான்று. 2020இல் முதலில் பறந்த எண்டெவர் கலம், அதற்கு மேலும் சோதித்துச் சான்று தந்தபின், 2025 ஆகஸ்டில் ஆறாம் முறை கிளம்பியது. அதிலும் பாராசூட் ஒவ்வொரு முறையும் புதிது. பின்பகுதியைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் இறங்கும். ‘அதே கலம்’ என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும்.

ஒரே பயணத்தோடு முடியும் ரஷ்யாவின் சோயுஸ் கலத்துக்கும் கெடு உண்டு: விண்ணில் சுமார் 200 நாள். இறங்கும்போது திசை திருப்பும் சிறு எஞ்சின்களுக்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடு. புண்ணுக்கு ஊற்றும் பாட்டில் நாள்பட்டால் நுரைக்காதே, அந்தச் சங்கதிதான்.

ஆகவே அட்டையில்: ‘கட்டியது 100 பயணத்துக்கு, 10 ஆண்டுக்கு. பறந்தது 39, 27 ஆண்டில்.’ நேரமிருந்தால் அடிப்பக்கத்துக் கறுப்பு ஓடுகளில் பத்துக்காவது வெள்ளை மையில் எண் போடட்டும். பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.