ஒரே எஃகுக்கு இரண்டு எண்ணா?

கேள்வி: பர்கூர் பக்கம் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு 6 பார் அழுத்தம், 150 டிகிரி செல்சியஸ் டிசைனில் ஒரு சுடுநீர்க் கலன் செய்ய வேண்டும். உள்விட்டம் 1200 மி.மீ., பிளேட் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எஃகில் எவ்வளவு தகைவு (ஸ்ட்ரெஸ்) அனுமதிக்கலாம் என்று சொல்லும் ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) அட்டவணையில் அதே 304-க்கு, அதே 150 டிகிரியில், ஒரு வரியில் 103 என்றும் இன்னொரு வரியில் 130 மெகா பாஸ்கல் என்றும் இருக்கிறது. எதை எடுப்பது ஐயா? 130 போட்டால் விலை குறையுமே என்று பார்ட்டி நெருக்குகிறார்.

பதில்: தம்பி, ஓசூரில் டிராயிங் போர்டு முன்னால் உட்கார்ந்த முதல் வருஷம் நானும் இதை அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை. 130 உள்ள வரியின் ஓரத்தில் ஜி5 என்று ஒரு குறிப்பு எண் இருக்கும். உங்கள் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது.

சாதா எஃகுபோல 304-க்குத் திட்டவட்டமான யீல்டு புள்ளி, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடம், கிடையாது. கொஞ்சம் நீண்டால் இறுகிக்கொண்டு மேலும் சுமை தாங்கும். அதனால் வடிவம் லேசாக மாறினாலும் பரவாயில்லை என்கிற இடத்தில், யீல்டில் மூன்றில் இரண்டு பங்கு என்ற வழக்கமான வரம்பைத் தாண்டி 90 சதவீதம் வரை போகலாம் என்று விட்டிருக்கிறார்கள். கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு வளையம்) போட்ட பிளாஞ்சுக்கும் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு வளையம்), சிறிது கோணினாலே கசியும் இடங்களுக்கும் இந்த எண்ணைப் பரிந்துரைக்கவில்லை என்று அதே குறிப்பு சொல்கிறது.

உங்கள் ஷெல்லுக்கு (கலனின் உருளை உடல்) எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். வெல்டு எஃபிஷியன்சி (பிளேட்டின் பலத்தில் வெல்டு இணைப்புக்குக் கணக்கில் எடுக்கும் பங்கு) 0.85 என்றால், 130-க்கு 3.3 மி.மீ., 103-க்கு 4.1 மி.மீ. வருகிறது. கடையில் வாங்கும்போது அது 4 மி.மீ. அல்லது 5 மி.மீ. பிளேட். ஷெல்லுக்கும் டிஷ் எண்டுக்கும் (கலனின் குழிந்த முனை மூடி) 130 எடுங்கள், தப்பே இல்லை. பிளேட் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம், பார்ட்டிக்கும் சந்தோஷம்.

மேன்ஹோல் பிளாஞ்ச், அதன் மூடி, போல்ட் போட்டுப் பிணைக்கும் நாசில் (குழாய் இணைப்பு வாய்) பிளாஞ்ச் எல்லாவற்றுக்கும் 103-தான். இதில் நான் சூடுபட்டவன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஆலைக்குச் செய்த கலனில் மேன்ஹோல் பிளாஞ்சுக்கும் 130-ஐயே போட்டுவிட்டேன். தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டில் ஒரு சொட்டு கசியவில்லை. பெங்களூரா மாம்பழ சீசன், ராத்திரி பகல் ஓட்டம். சூடாக ஓடும்போது ஒன்றுமில்லை, நிறுத்தி ஆறவிட்டால் மட்டும் கசியும். இறுக்கினோம், நின்றது. அடுத்த வாரம் மறுபடியும். மூடியைக் கழற்றி முகத்தில் மட்டப்பலகை வைத்தால் வெளி விளிம்பு தொடுகிறது, கேஸ்கெட் உட்காரும் உள்பக்கம் வெளிச்சம் தெரிகிறது. பிளாஞ்ச் குடைபோலச் சாய்ந்துவிட்டது.

காரணம் போல்ட். கார்பன் எஃகு வகை போல்ட்டைவிட ஸ்டெயின்லெஸ் சூட்டில் அதிகம் விரியும், ஏறக்குறைய 17-க்கு 12 என்ற விகிதத்தில். பிளாஞ்ச் தடிக்க, போல்ட் இழுவிசை கூடுகிறது. அதே நேரம் 304-இன் யீல்டு, அறை வெப்பத்தில் 205 ஆக இருந்தது, 150 டிகிரியில் 155 பக்கம் இறங்கிவிடுகிறது. கோணல் அப்போதுதான் விழுகிறது. ஆறியதும் போல்ட் தளர்ந்து நிற்கும். குளிர்ந்த தண்ணீரில் செய்யும் ஹைட்ரோ டெஸ்ட் இதை எப்படிக் காட்டும்? 40 டிகிரியில் இரண்டு வரியிலும் ஒரே 138-தானே!

அப்புறம், பிளேட் சர்ட்டிபிகேட்டைப் பாருங்கள். 304, 304எல் (கார்பன் குறைந்த வகை) இரண்டும் சேர்ந்து முத்திரை இருந்தால் 304-இன் எண்களை எடுக்கலாம். வெறும் 304எல் என்றால் அறை வெப்பத்திலேயே 138 இல்லை, 115-தான். டிராயிங்கில் ஷெல்லுக்கு எந்த எண், பிளாஞ்சுக்கு எந்த எண் என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள். இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பதே அதைத்தான்.