இரண்டு சப்வூஃபருக்கு ஒரே ஆம்ப்: ஓம் கணக்கு எங்கே பிசகியது?

கேள்வி: என் காரின் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) இரண்டையும், அவற்றுக்காக ஒரு மோனோ ஆம்ப்ளிஃபையரையும் மூன்று வாரங்களுக்கு முன் பொருத்தினேன். ஒவ்வொரு வூஃபரிலும் 4 ஓம் வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரை அதிரவைக்கும் கம்பிச்சுருள்) இரண்டு உள்ளன. ஒரு வூஃபர் தாங்கும் திறன் 300 வாட் ஆர்.எம்.எஸ். (உச்ச அளவல்ல, தொடர்ந்து தாங்கும் அளவு). ஆம்ப்ளிஃபையரின் கையேட்டில், 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட், 2 ஓமுக்குக் கீழே இணைக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் பாட்டு ஓடினால் ஆம்ப் கொதித்து, ப்ரொடெக்ட் விளக்கு எரிந்து, ஒலி நின்றுவிடுகிறது. சென்னை வெயிலுக்கு அப்படித்தான் ஆகும், 1,000 வாட் ஆம்ப் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் பொருத்திக் கொடுத்த கடைக்காரர். அவர் பேச்சை நம்பலாமா?
(ஒரு வாசகர், வேளச்சேரி)

பதில்: வெயிலில் நின்ற காரின் டிக்கி சூடாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள எண்களைப் பார்த்தால், வெயிலைக் குற்றவாளியாக்கும் முன் வயர் இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

உங்களிடம் மொத்தம் நான்கு காயில்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 4 ஓம். நான்கையும் பக்க இணைப்பில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்தால் ஆம்ப் காணும் மின்னெதிர்ப்பு 1 ஓம். நான்கையும் தொடரிணைப்பில் (ஒன்றின் மைனஸ் அடுத்ததன் பிளஸோடு) சேர்த்தால் 16 ஓம். ஒவ்வொரு வூஃபரின் இரு காயில்களைத் தொடராக்கி (8 ஓம்), பிறகு இரு வூஃபர்களையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். நான்கு காயில்களுக்கும் மின்திறன் சமமாகப் பிரிய வேண்டும் என்றால், இந்த ஜோடியில் 2 ஓம் எந்த வழியிலும் கிடைக்காது. ஆகவே, இந்த ஆம்ப்புடன் இந்த இரு வூஃபர்களையும் விற்றவர் 4 ஓமில் இணைத்திருக்க வேண்டும். அறிகுறிகளைப் பார்த்தால் அவர் 1 ஓமில் இணைத்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. பெட்டிக்குப் பின்னால் உள்ள முனைகளைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்: நான்கு காயில்களின் பிளஸ் முனைகளும் ஒன்றாகவும், மைனஸ் முனைகளும் ஒன்றாகவும் சேர்ந்திருந்தால் அது 1 ஓம்தான்.

ஓம் பாதியாகக் குறைந்தால், அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் இரட்டிப்பாகும். ஆம்ப்பின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் உண்டாகும் வெப்பமோ பெரும்பாலும் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து, ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். ப்ரொடெக்ட் விளக்கு எரிவது ஆம்ப் பழுது என்பதற்கு அடையாளமல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது நிறுத்திக்கொள்கிறது; இதையே தினமும் செய்ய வைத்தால் ஒரு நாள் டிரான்சிஸ்டர் போய்விடும்.

செலவில்லாத தீர்வு, மேலே சொன்ன 4 ஓம் இணைப்புக்கு மாற்றுவதுதான். 500 வாட்டுக்குக் காசு கொடுத்து 300 வாட்டோடு திருப்திப்படுவதா என்று நீங்கள் வருந்த வேண்டாம், ஏனென்றால் இவ்விரண்டுக்கும் ஒலியில் உள்ள வேறுபாடு வெறும் 2.2 டெசிபெல், ஒலி இரு மடங்காகக் காதில் விழ வேண்டுமென்றால் ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு மின்திறன் தேவைப்படும். ஓடும் காரின் இரைச்சலுக்கு நடுவே அந்த 2.2 டெசிபெல்லை நீங்கள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். 500 வாட்டும் வந்தே தீர வேண்டும் என்றால், இதே வூஃபரில் 2 ஓம் இரட்டைக் காயில் கொண்ட வகையாக மாற்றித் தரக் கேளுங்கள். அவற்றின் காயில்களைத் தொடராக்கி, வூஃபர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் சரியாக 2 ஓம் வரும்.

1,000 வாட் ஆம்ப் யோசனையை நான் ஏற்கவில்லை. உங்கள் இரு வூஃபர்களும் சேர்ந்தே 600 வாட்தான் தாங்கும். மேலும், 80 விழுக்காடு திறனுள்ள ஆம்ப் உண்மையாகவே 1,000 வாட் தந்தால் பேட்டரிப் பக்கம் 90 ஆம்பியர் இழுக்கும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டருக்கு (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) அது பெரிய சுமை. பெட்டியில் கொட்டை எழுத்தில் உள்ள வாட் பெரும்பாலும் உச்ச அளவு என்பதால், எதை வாங்கினாலும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள். சி.டி.ஏ-2006 என்ற அளவீட்டு முறைப்படி, அதாவது 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 விழுக்காட்டுக்கு மிகாத சிதைவுடன் அளந்த எண் என்று குறித்திருந்தால் அதை நம்பி ஒப்பிடலாம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள், “எத்தனை வாட்?” என்பதற்கு முன் “இந்த ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும், இந்த வூஃபரில் எத்தனை காயில்?” என்று கேட்டுப் பார்க்கட்டும், பதில் வரும் விதத்திலேயே கடைக்காரரின் தேர்ச்சி விளங்கிவிடும்.

கடைக்காரரிடம் பேசும்போது கையேட்டின் அந்தப் பக்கத்தையும், வயர் இணைப்பின் புகைப்படத்தையும் கையில் வைத்திருங்கள். வயரை மாற்றும் முன்பே புகைப்படம் எடுத்துவிடுவது முக்கியம். கையேட்டுக்கு மாறாகப் பொருத்தியது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லும் சேவைக் குறைபாட்டுக்குள் வரும் என்று வாதிட உங்களுக்கு நியாயம் இருக்கிறது. பில்லில் வேறு காலக்கெடு இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதையும், பில்லே தராமல் இருப்பதையும் அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்ற வரியைக் கண்டு மலைக்காதீர்கள். பேச்சு பலிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: 4 ஓம் என்று சொல்லி விற்ற வூஃபரை மல்டிமீட்டரில் அளந்தால் 3.5 ஓம்தான் காட்டுகிறது. போலியா?
(ஒரு வாசகர், பெரம்பூர்)

பதில்: இல்லை. மல்டிமீட்டர் காட்டுவது காயில் கம்பியின் நேர்மின்தடையை மட்டுமே. பாட்டு ஓடும்போது மின்னெதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்பக் கூடிக் குறையும். 4 ஓம் காயில் 3.2 முதல் 3.7 வரை காட்டுவது இயல்பு. ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவான மீட்டர் என்றால், முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். 2 ஓமை ஒட்டிக் காட்டினால் மட்டும் கடைக்குத் திரும்பப் போங்கள். 4 ஓம் பெட்டிக்குள் வேறு வகை வூஃபர் வந்திருக்கலாம், அல்லது இரட்டைக் காயில் வூஃபரின் இரு காயில்களையும் யாரோ ஏற்கெனவே பக்க இணைப்பில் சேர்த்திருக்கலாம்.