கதண்டுக் கூட்டை எவ்வளவு கிட்டே போய்ப் பார்க்கலாம்?

கேள்வி: எங்கள் தோப்பில் ஒரு தென்னை மரத்தில் பெரிய கதண்டுக் கூடு இருக்கிறது. பூச்சி என்றால் உயிரை விடும் என் மகள் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறாள். தேனீ வளர்ப்பவர்கள் போடும் உடையும் முகவலையும் போதுமா?

போதாது. அது தேனீக்கென்று தைத்த உடை. கதண்டு என்பது பெரிய குளவி, அதன் கொடுக்கு தேனீயுடையதைவிட நீளம் என்பதால் தோள், முழங்கை என்று துணி உடம்போடு ஒட்டும் இடங்களில் உள்ளே இறங்கிவிடும். தேனீ ஒரு தடவை கொட்டிவிட்டுச் செத்துப்போகும், இது திரும்பத் திரும்பக் கொட்டும், அதோடு கொட்டும்போது வெளிவரும் விஷத்தின் வாசனையே கூட்டில் இருக்கும் மற்றவற்றையும் கிளப்பிவிடும். தென்னை, பனையில் கட்டுவது பெரும்பாலும் கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை போட்ட வகை, மகா முன்கோபி.

சரி, பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம், நீங்கள் கிட்டே போகாமல் கூட்டைக் கிட்டே கொண்டுவாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று வாங்கினால் 16 மீட்டரில் இருப்பது 2 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். மரத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம், அவை போய்வரும் பாதையிலும் வேண்டாம், பக்கவாட்டில், ஓடினால் சட்டென்று வீட்டுக்குள் நுழையும்படி ஓர் இடம் பார்த்து உட்காருங்கள். வெளிர் நிற உடை, சென்ட் கூடாது. ட்ரோன் பறக்கவிடும் யோசனை இருந்தால் இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

மகளை முதலில் கூட்டின் வாசலைப் பார்க்கச் சொல்லுங்கள். காவல் கதண்டுகளின் தலைகள் ஓட்டை விளிம்பில் தெரியும், வெயில் ஏறினால் சில அங்கேயே நின்று இறக்கையால் விசிறும். அப்புறம் கூட்டின் மேல்தோல். மரநாரைச் சுரண்டி, எச்சிலில் மென்று ஒட்டிய காகிதம்தான் அது. ஒவ்வொரு மரத்து நாருக்கும் ஒரு நிறம் என்பதால் பழுப்பும் வெள்ளையுமாக வளைவு வளைவாக வரி ஓடியிருக்கும். இரை கொண்டுவரும் கதண்டின் வாயில் மென்ற இறைச்சி உருண்டை இருக்கும், அது கூட்டுக்குள் வளரும் குஞ்சுப் புழுக்களுக்கு.

காவல்கள் வாசலை விட்டு வெளியே வந்து பரபரத்தாலோ, ஒன்று உங்கள் முகத்துக்கு நேரே மிதந்து சுற்றினாலோ, கையை வீசாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கொட்டத் தொடங்கிவிட்டால் மெதுவெல்லாம் கிடையாது. முகத்தை மூடிக்கொண்டு ஓடி உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள்.

மூச்சுத்திணறல், உதடு வீக்கம், தலைசுற்றல் என்றால் ஒரே கொட்டாக இருந்தாலும் 108. நிறையக் கொட்டுப்பட்டவர் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது பிறகுதான் தெரியவரும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது அதன் அடையாளம்.

தேங்காய் பறிக்கிறவரிடம் அந்த மரத்தை இப்போதே காட்டிவிடுங்கள். கூடு ஆள் நடமாடும் வழியில் இருந்தால் தீப்பந்தம் கட்டாதீர்கள், 101-க்கு அழையுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து அகற்றுவார்கள்.