ஒரு பவுணில் மகளுக்குக் காப்பா, கைச்சங்கிலியா?

மாங்குளத்தில் இருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளுக்கு 13 வயது. வருகிற மாதம் சாமத்தியச் சடங்கு. நெல் விற்ற காசில் ஒரு பவுணுக்குத்தான் வழி. கடையில் அந்த ஒரு பவுணிலேயே நல்ல பருமனான சோடிக் காப்பு காட்டினார்கள். எடுக்கலாமா? கைச்சங்கிலி போட்டால் சனம் குறை சொல்லுமா? மாமியின் முழங்கால் நோவுக்குச் செப்புக் காப்பு உதவுமா?"

அந்தச் சோடியை எடுக்காதீர்கள், தங்கச்சி. ஒரு பவுண் 8 கிராம். அதில் மகளின் கை அளவுக்கு ஒரேயொரு கெட்டிக் காப்பு அடித்தாலே தடிப்பு 2 மில்லிமீற்றருக்கு வராது. பிறகு இரண்டு காப்பு எப்படிப் பருமனாக இருக்கும்? உள்ளே வெறும் குழாய், இல்லாவிட்டால் அரக்கு. குழாய் நசுங்கினால் நிமிர்த்துவது பெரும்பாடு. அரக்கு அடைத்தது இன்னும் வில்லங்கம். எங்கள் பக்கத்தில் நகை பெட்டிக்குள் கிடப்பதில்லையே. விதைப்புக்கு அடைவுக்குப் போய், அறுவடை முடியத்தான் வீடு திரும்பும். அங்கே அரக்கையும் கல்லையும் கழித்துவிட்டுத்தான் பொன்னுக்குக் காசு.

கைச்சங்கிலியே எடுங்கள். அதே 8 கிராமில் கண்ணிகள் கெட்டியாக வரும். பிள்ளை வளர வளர இரண்டு கண்ணி சேர்த்தால் போதும். காப்பை என்றால் வெட்டி, பொன் சேர்த்து ஒட்ட வேண்டும். கண்ணிகளின் வாய் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். கொக்கி மாட்டும் வளையந்தான் முதலில் தேயும், அதைத் தடிப்பாகக் கேளுங்கள். கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிடிசங்கிலியும் வைக்கச் சொல்லுங்கள். கிணற்றடியில் கொக்கி கழன்றாலும் நகை கையில் நிற்கும். பில்லில் 22 கரட் என்பதும், பொன்னின் எடையும், செய்கூலியும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

சனத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள். காப்பு என்றாலே காவல்தான். 21 நாள் கேதாரகௌரி விரதம் பிடித்து, ஆண்கள் வலக்கையிலும் பெண்கள் இடக்கையிலும் கட்டுவது வெறும் நூல். அதுவும் காப்புத்தானே! கைக்குழந்தைக்குக் கண்ணூறு படாமல் போடும் கறுத்தக் காப்பிலும் பொன் இல்லை. சடங்கன்று இரண்டு கைக்கும் கண்ணாடிக் காப்பு நிறைய அடுக்கி, வலக்கையில் கைச்சங்கிலியைப் போட்டுவிடுங்கள். பிள்ளை வடிவாக இருப்பாள். கண்ணாடிக் காப்பில் 2-4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், 2-6 அதைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பெரிது. மகளைக் கூட்டிக்கொண்டு போய் விரல் மொளியால் ஏற்றிப் பார்த்தே வாங்குங்கள்.

மாமியின் செப்புக் காப்பு ஆசைக்காகப் போடலாம், நோவுக்காக வேண்டாம். 2013இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தார் முடக்குவாதம் உள்ள 70 பேரிடம் சோதித்து வெளியிட்டதில், செப்புக் காப்பால் நோவோ வீக்கமோ குறைந்ததாகத் தெரியவில்லை. கையில் பச்சைக் கறை பிடித்தால் பயப்பட வேண்டாம். அது வியர்வை செம்பில் பட்டு வருவது, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும். முழங்காலை ஒருமுறை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.