ஒரே மரபணுவிலிருந்து நோய் எதிர்ப்புச் செல்கள் வெவ்வேறு புரதங்களை எப்படி உருவாக்குகின்றன?

நீங்கள் முதுகலை மாணவராக இருக்கக்கூடும். இதே கேள்வியை என்னிடம் கோபமாகக் கேட்டவர் ஒருவர் உண்டு.

வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரி, அதாவது செல்களை அவற்றின் புரதங்களை வைத்து வகைபிரித்து எண்ணும் சோதனை, பார்க்கிறேன். அடிக்கடி தொற்றுக்கு ஆளாகும் கைக்குழந்தையின் அறிக்கையோடு வந்த தந்தை, ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை செய்பவர், “ஏம்மா, சிடி45ன்னு ஒரே பேரை ரெண்டு வாட்டி போட்டுக் காசு வாங்கியிருக்கீங்களே?” என்றார்.

சிடி45 வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அதன் வடிவங்களான சிடி45ஆர்ஏ, சிடி45ஆர்ஓ இரண்டுக்கும் மரபணு ஒன்றே என்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏவின் 4, 5, 6ஆம் எக்ஸான்களில் (புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் துண்டுகளில்) எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை நீக்குவது என்பது செல்லின் நிலையைப் பொறுத்து மாறுகிறது. கிருமியை இன்னும் சந்திக்காத டி செல்லில் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) 4ஆம் எக்ஸான் தங்கிவிடும், அது ஆர்ஏ. கிளர்ச்சியுற்று நினைவுச் செல்லாக மாறியவற்றில் மூன்றுமே நீங்கிவிடும்; அது ஆர்ஓ. இந்த நீக்கத்தை எச்என்ஆர்என்பி-எல்எல் என்ற புரதம் முன்னின்று நடத்துவது 2008இல் தெரியவந்தது. கைக்குழந்தையின் இரத்தத்தில் ஆர்ஏ மிகுந்திருக்க வேண்டும். குறைந்தால், டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸ் புதிய டி செல்களைப் போதிய அளவு அனுப்புகிறதா என்று மருத்துவர் யோசிப்பார். ஆகவே இரண்டையும் தனித்தனியாக எண்ணித்தான் ஆக வேண்டும்.

“தோலு ஒண்ணுதான், எந்த பீஸை எடுக்கிறோமோ அந்த மாடல்” என்று அவரே சொல்லிவிட்டார். எஞ்சிய எக்ஸான்கள் வரிசை மாறாமல் இணைக்கப்படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால் அதில் பெரிய குறை இல்லை.

மரபணுவைப் படியெடுப்பதிலேயே முதன்மையான கட்டுப்பாடு இருக்கிறது என்று யாரேனும் வாதிட வரலாம். நான் அதை மறுக்கவில்லை. அதோடு கதை முடிவதில்லை என்கிறேன். எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல், ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளின் கனச்சங்கிலிக்கான (அதன் பெரிய புரத இழைக்கான) ஆர்என்ஏவை எந்த இடத்தில் வெட்டி, பாலி-ஏ வால் எனும் இறுதிப் பகுதியைச் சேர்க்கிறது என்பதைப் பொறுத்தே அந்த ஐஜிஎம் சவ்வில் ஒட்டிய ஏற்பியாகவோ வெளியே சுரக்கும் எதிர்ப்பொருளாகவோ ஆகிறது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தின் ஆர்என்ஏவைச் சிதைக்க வைப்பது டிரிஸ்டெட்ராபுரோலின் என்ற புரதம். அதை இழந்த எலிகள் மூட்டழற்சி கண்டு மெலிந்துபோகின்றன.

ஆர்ஏ, ஆர்ஓ என்றால் என்ன என்று அறிக்கையில் ஒரு வரி அச்சிடுமாறு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். தாளில் இடமில்லை என்றார்கள். அடுத்த முறை அச்சான தாளில் நிறுவனச் சின்னம் மட்டும் பெரிதாகியிருந்தது. பணத்தைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொள்வது இன்றும் கவுன்ட்டரில் நிற்கும் நாங்கள்தான்.