சாப்பிட்டது மறக்கிறது, தறி மறக்கவில்லை

கேள்வி: அப்பாவுக்கு அல்சைமர் என்கிறார்கள். காலையில் இட்லி சாப்பிட்டது நினைவில்லை, ஆனால் நாற்பது வருஷத்துக்கு முன் தறியில் பாவு பிணைத்த கதையைப் பிசகாமல் சொல்கிறார். நடிக்கிறாரோ?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: நடிப்பெல்லாம் இல்லைங்க. இந்த நோயில், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியும் அதன் அக்கம்பக்கமும்தான் பெரும்பாலும் முதலில் அடிபடும். பழைய நினைவுகள் மூளையின் மேற்புறணியில் பரவிக் கிடப்பதால் கொஞ்ச காலம் தப்பிக்கும். நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது, உள்ளே டௌ என்ற இன்னொரு புரதம் சிக்கு விழுந்த நூல் மாதிரி (நெசவுக்காரர் வீட்டில் சொல்லவா வேண்டும்!) முறுக்கிக்கொள்கிறது, அப்புறம் செல்கள் மெல்லச் சாகின்றன. 1906-இல் ஜெர்மனியில் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்ததும் இதைத்தான். இந்தப் படிவு மறதி தெரிவதற்கு 15, 20 வருஷம் முன்பே தொடங்கிவிடும். சாப்பிட்டது அப்பா மனசில் பதியவே இல்லை, அதனால் "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று மல்லுக்கு நிற்காமல் இன்னொரு அரை இட்லி வையுங்கள்.